ஈச்சங்கள்ளும் கேழ்வரகு முளையும்: மைசூருச் சாலையில் ஒரு பானத்தின் வரலாறு

2023 மார்ச்சில் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை திறக்கப்பட்டபின், ஏறத்தாழ 118 கிலோமீட்டர் தொலைவு ஒன்றரை மணி நேரப் பயணமாகச் சுருங்கிவிட்டது. அதையொட்டி ஒரு புதுவகை ஒருநாள் உலாவும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட மகளோ மகனோ, ஓய்வுபெறும் வயதை எட்டிய தந்தையையோ தாயையோ காரில் ஏற்றிக்கொண்டு விடியலில் கிளம்புகிறார். மத்தூரில் வடை, நசர்பாத்தில் மைலாரி தோசை, நண்பகலில் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிச் சாறும், சயாஜிராவ் சாலையில் மைசூர்பாகு. மாலையில், மைசூருவிலோ பெங்களூரு திரும்பிய பிறகோ, சிறு ஆலையில் வடித்த கைவினை பீர். ஒரு தலைமுறைக்கு முன்பு தந்தையும் பிள்ளையும் ஒரே மேசையில் மதுக்கோப்பையுடன் அமர்வது இப்பகுதியின் நடுத்தர வர்க்க வீடுகளில் எண்ணிப்பார்க்க இயலாதது. இன்று அது பாசத்தின் அடையாளமாகவே ஏற்கப்படுகிறது. சமூக வரலாற்று மாணவர்கள் இம்மாற்றத்தைத் தனியே ஆராயலாம். இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது அதற்கு முந்தைய ஒரு கேள்வி: அந்த மேசையில் 'வட்டாரச் சுவை' என்ற பெயரில் வைக்கப்படுவனவற்றுள் எது உண்மையில் வட்டாரத்துக்கு உரியது?

உணவைப் பொறுத்தவரை விடை எளிது. நஞ்சன்கூடு ரசபாளை வாழை, மைசூரு வெற்றிலை, மைசூரு மல்லிகை ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. மூன்றும் இந்த மண்ணோடும் நீரோடும் பிணைந்தவை. மைசூர்பாகின் பிறப்பிடம் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்கூடம் என்பதும், அதைச் செய்தவர் காகாசுர மாதப்பா என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட மரபு. (அது யாருடைய பலகாரம் என்று தமிழரும் கன்னடரும் அவ்வப்போது சண்டையிட்டுக்கொள்வது வேறு கதை, கடலைமாவும் நெய்யும் சர்க்கரையும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.)

பானத்துக்கு வரும்போது விடை சிக்கலாகிறது. சிறு ஆலைகளின் பீரில் சேரும் பார்லி மால்ட் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ வருகிறது. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ இந்தியாவில் இமாச்சலத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் சிறிதளவே விளைகிறது. ஆகவே அதுவும் இறக்குமதி. நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் பொட்டலத்தில் வருகிறது. தண்ணீரும் காய்ச்சுபவரின் கைத்திறனும் மட்டுமே உள்ளூர். இது குறை கூறுவதற்காகச் சொல்லப்படுவதன்று. காப்பியும் மிளகாயும்கூட வெளியிலிருந்து வந்து நம்முடையவை ஆனவையே. ஆனால் இந்தச் சாலையின் இருமருங்கிலும் இரண்டு பழைய அறிவு மரபுகள் இருந்தன. ஒன்று மரத்திலிருந்து மது எடுக்கும் அறிவு. மற்றொன்று தானியத்தை முளைகட்டி மாவாக்கும் அறிவு. முதலாவது சட்டத்தால் நிறுத்தப்பட்டது. இரண்டாவது குழந்தை உணவாகச் சமையலறைக்குள் தங்கியது. பீர் இவ்விரண்டுக்கும் வெளியே, படைமுகாமின் வழியாக வந்தது.

தானியத்திலிருந்து தொடங்கலாம். கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலம். அது எப்போது தென்னிந்தியாவுக்கு வந்தது என்பதில் தொல்தாவரவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கர்நாடகத்தின் ஹல்லூர் அகழாய்வில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கேழ்வரகு மணிகளின் அடையாளம் பின்னர் கேள்விக்குள்ளானது. வந்தபின் அது மைசூர்ப் பீடபூமியின் உயிர்த்தானியம் ஆயிற்று. 1800–1801இல் இப்பகுதியில் பயணம் செய்து 1807இல் தம் பயணநூலை வெளியிட்ட பிரான்சிஸ் புக்கானன், புன்செய்ப் பயிர்களுள் இதற்கே முதலிடம் தருகிறார்.

கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. உகாண்டாவிலும் எத்தியோப்பியாவிலும் கேழ்வரகு முதன்மையான பீர்த் தானியங்களுள் ஒன்று. நேபாளத்திலும் சிக்கிமிலும் மூங்கில் குழல்வழி உறிஞ்சப்படும் தோங்பா இதே தானியத்தின் மது. ஒடிசாவின் கோராபுட் பழங்குடிகள் இதிலிருந்து லாண்டா என்ற மதுவை ஆக்குகிறார்கள். ஆனால் கேழ்வரகையே உண்டு வாழ்ந்த மைசூர்ப் பீடபூமியில் தானிய மது பெரும்பானமாக வளரவில்லை. இங்கே தானியம் களியாகவும், இலேசாகப் புளித்த அம்பலியாகவும் உண்ணப்பட்டது. மதுவுக்கு மரம் இருந்தது. வறட்சி அடிக்கடி வரும் நிலத்தில் உண்ணும் தானியத்தை மதுவுக்குச் செலவிடாமல், ஏரிக்கரையிலும் ஓடை மணலிலும் தானே வளரும் ஈச்சமரத்திடமிருந்து பெற்றுக்கொள்வது நல்ல கணக்காக இருந்திருக்க வேண்டும்.

தென்னாட்டில் தானிய மது அறியப்படாததும் அன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் அரிசி மது ஆக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறார்: தீட்டாத அரிசியைக் கூழாக்கி, அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, அடை ஒன்றைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது. அந்த அடையை உரைமரபு நெல்முளையை இடித்துச் செய்த அடை என்று கொள்கிறது. அவ்வுரை சரியெனில், முளைத்த தானியத்தின் நொதியைக் கொண்டு மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் வேலை, அதாவது இன்று மால்ட் என்ற சொல்லால் குறிக்கப்படும் வேலை, தமிழ் இலக்கியத்தில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. இல்லத்தில் ஆக்கிய நெல் மதுவைத் தோப்பி என்ற சொல்லால் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. பின்னாளில் தென்னையும் பனையும் ஈச்சும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. தோப்பி அகராதிக்குள் போயிற்று.

ஈச்சங்கள் இறக்கும் முறை பனங்கள், தென்னங்கள் முறையிலிருந்து வேறுபட்டது. பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார்கள். ஈச்சமரத்தில் கொண்டைக்குச் சற்றுக் கீழே மட்டைகளை அரிந்து, தண்டின் மேற்பட்டையைச் சீவி, அந்தக் காயத்தின் வழியே ஊறும் சாற்றைப் பிடிக்க வேண்டும். ஆழம் மிகுந்தால் மரம் சாகும். குறைந்தால் சாறு வராது. ஓராண்டு ஒரு பக்கம் சீவினால் மறு ஆண்டு எதிர்ப்பக்கம். அதனால் பலகாலம் கள் இறக்கிய ஈச்சமரத்தின் தண்டு வளைந்து வளைந்து செல்வதுபோலத் தெரியும். ஒவ்வொரு தழும்பும் ஓராண்டுக் கணக்கு. மைசூர்ப் பகுதியில் இத்தொழிலோடு பிணைந்திருந்தவர்கள் ஈடிகர். எந்த மரம் எந்த மாதத்தில் தரும், எத்தனை நாள் சீவி எத்தனை நாள் ஆறவிட வேண்டும் என்பவை ஏட்டில் இல்லை. மகன் தந்தையோடு மரத்தடியில் நின்று கற்றவை. கைவினை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் எளிதில் அகப்படாது.

கள்ளின் இன்னொரு இயல்பு இந்த வரலாற்றைத் தீர்மானித்தது. கலயத்தில் விழும் சாறு காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டாலும் பாக்டீரியாக்களாலும் சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கும். சுண்ணாம்பு தடவினால் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் அன்று மாலைக்குள் ஏறத்தாழ பீருக்கு நிகரான போதை ஏறிவிடும். மறுநாள் புளித்துக் காடியாகும். அதனால் அது தொலைவுக்குப் போகாது. மரத்துக்கும் குடிப்பவருக்கும் இடையே நடந்து போகும் தூரமே அதன் சந்தை. ஐரோப்பிய பீரோ ஹாப்ஸ் சேர்த்துப் பீப்பாயில் அடைத்துக் கடல் கடக்கும் வகையில் வளர்ந்த பானம். அரசுக்கும் முதலாளிக்கும் எது வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் ஏரிக்கரைகளில் நாளும் சிதறி விற்கும் பானத்தைக் கணக்கெடுப்பதைவிட, ஒரே வாசல் உள்ள ஆலையில் வரி வசூலிப்பது எளிது.

இந்தச் சாலையில் மைசூருவுக்கு முன் வரும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இரண்டு திருப்பங்கள் நிகழ்ந்தன. ஒன்று திப்பு சுல்தானின் மதுவிலக்கு முயற்சி. சமயக் காரணமும் ஒழுக்கக் காரணமும் கலந்த அந்தக் கொள்கைக்காகக் கள் தரும் மரங்கள் வெட்டப்பட்டன என்ற செய்தி காலனிய எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. திப்புவைக் கொடுங்கோலனாகக் காட்ட விரும்பிய எழுத்துகள் அவை என்பதால் மரங்களின் எண்ணிக்கையைப் பற்றிய எந்தக் கூற்றையும் ஐயத்தோடு படிப்பதே முறை. வருவாய் இழப்பைப் பொருட்படுத்தாமல் மதுவைத் தடுக்க ஓர் அரசு முனைந்தது என்ற அளவில் கொள்ளலாம்.

மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. 1799 மே 4இல் கோட்டை வீழ்ந்த பிறகு ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே தங்கியது. ஆற்றுத்தீவின் காய்ச்சல் சிப்பாய்களைத் தொடர்ந்து கொன்றது. 1809இல் படைமுகாம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. பெங்களூருக் கண்டோன்மென்ட் பிறந்த கதை இது. பீரின் வரலாறும் இதே மாற்றத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டது. ஆங்கிலச் சிப்பாய்க்கு பீர் அன்றாடத் தேவை. இங்கிலாந்திலிருந்து வருவது விலை கூடியது. குளிர்சாதன வசதி வருவதற்கு முன் சமவெளி வெப்பத்தில் நல்ல பீர் காய்ச்சுவது அரிது. எனவே ஆலைகள் குளிர்ந்த இடங்களைத் தேடின. நீலகிரியில் 1857இலேயே ஆலைகள் எழுந்தன. பெங்களூரில் 1885இல் பெங்களூர் ப்ரூயிங் கம்பெனி வந்தது. தென்னிந்தியாவின் ஐந்து சிறு ஆலைகளை இணைத்து 1915இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தார். பெரும் பீப்பாய்கள் மாட்டுவண்டியில் படைமுகாம்களுக்குப் போயின. 1947இல் விட்டல் மல்லையா அந்நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். 1983இல் அவர் மறைந்தபின் மகன் தலைமை ஏற்றார். தந்தையிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறிய மதுத்தொழில் என்று தேடினால் வணிக வரலாறு எடுத்துக்காட்டும் குடும்பம் இதுவே. ஈடிகர் குடும்பங்கள் அந்த வரலாற்றில் இடம்பெறுவதில்லை.

மைசூரு நகரமோ அரண்மனையின் ஊராகவே இருந்தது. அங்கே ஐரோப்பிய மது விருந்தினரின் பானம். அரசர் வைதிக ஒழுக்கத்தினர். வைசிராய்களும் ஐரோப்பிய விருந்தினரும் தனியே தங்கித் தனியே உண்டனர். 1921இல் அடிக்கல் நாட்டப்பட்ட லலிதமகால் அதற்காகவே சாமுண்டி மலையடிவாரத்தில் எழுந்தது. அரண்மனைக்கும் அதற்கும் இடைப்பட்ட தூரம் உணவு விலக்கின் தூரமாகவும் இருந்தது. ஊர்மக்கள் ஈச்சங்கள்ளையும், வெள்வேலம் பட்டையும் வெல்லமும் சேர்த்து வடித்த சாராயத்தையும் குடித்தனர். ஒரே நகரில் இரண்டு மது உலகங்கள், ஒன்றையொன்று தொடாமல்.

கள்ளின் மீது அரசு கைவைத்தது தடையால் அன்று, உரிமையால். மைசூர் அரசாட்சியில் ஈச்சந்தோப்புகள் அரசின் உடைமையாகக் கருதப்பட்டன. கள் இறக்கும் உரிமையும் விற்கும் உரிமையும் குத்தகைக்கு விடப்பட்டன. ஆப்காரி வருவாய் நிலவரிக்கு அடுத்த பெரு வருவாய்களுள் ஒன்றாக வளர்ந்தது. பெங்களூரு–மைசூரு இருப்புப்பாதை அமைந்த 1880களில் மரம் ஏறுபவர் ஏற்கெனவே குத்தகைக்காரரின் கூலியாள் ஆகியிருந்தார். அணைகளும் பள்ளிகளும் கட்டிய 'மாதிரி அரசு' என்று புகழப்பட்ட மைசூரின் கருவூலத்தில் இந்தக் கூலியாட்களின் உழைப்பும் இருந்தது. மைசூரின் நவீனமயம் பற்றிய ஆய்வுகளில் மின்சாரமும் பட்டும் தங்கமும் பேசப்படும் அளவுக்கு ஈச்சந்தோப்பு பேசப்படுவதில்லை.

அதனால்தான் விடுதலைப் போராட்டம் மரத்தின் மேல் பாய்ந்தது. 1939இல் சித்திரதுர்க்கா மாவட்டத்துத் துருவனூரில் காங்கிரசார் ஈச்சமரங்களை வெட்டும் சத்தியாகிரகம் நடத்தினர். பெண்களும் திரளாகக் கலந்துகொண்டனர். அரசின் வருவாயை வெட்டுவதும் குடியை ஒழிப்பதும் ஒரே கோடரியில் நிகழ்ந்தன. ஈரோட்டுத் தென்னந்தோப்புக் கதையை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இராது. அந்த மாவட்டக் காங்கிரசின் முன்னணித் தலைவராக விளங்கியவர் எஸ். நிஜலிங்கப்பா. விடுதலைக்குப் பின் மைசூர் மாநிலத்தின் பல பகுதிகளில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1967இல் அது நீக்கப்பட்டபோது முதலமைச்சர் அதே நிஜலிங்கப்பா. இதைத் தனிமனித முரணாகப் படிப்பது வசதியானது. ஆனால் கருவூலத்துக்கு வெளியே நிற்பவரும் உள்ளே அமர்பவரும் ஒரே மரத்தை வேறுவேறாகப் பார்க்கிறார்கள் என்பதே இதில் தெரிகிறது.

சாலையில் மண்டியா வரும்போது ஜன்னலுக்கு வெளியே கரும்பு தெரியும். அக்காட்சியின் வயது நூறாண்டுக்கும் குறைவு. 1911இல் பணி தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர் கால்வாய் வழியே வந்தபின்தான் இந்தப் புன்செய்க் கேழ்வரகு நிலத்தின் பெரும்பகுதி கரும்புக்கும் நெல்லுக்கும் மாறியது. 1933இல் மைசூர் சர்க்கரைக் கம்பெனி மண்டியாவில் இயங்கத் தொடங்கியது. சர்க்கரை ஆலை எங்கே இருக்கிறதோ அங்கே சர்க்கரைப்பாகுக் கழிவு இருக்கும். கழிவு இருந்தால் எரிசாராயம் வடிக்கலாம். மரத்தின் மதுவை வெல்ல ஆலைச் சாராயத்துக்குச் சுவை தேவைப்படவில்லை. மலிவும், கெடாமையும், ஆண்டு முழுவதும் கிடைப்பதும் போதுமானவை. ஈச்சங்கள்ளின் வீழ்ச்சிக்கு ஒழுக்கப் பரப்புரையைவிட இந்தக் கழிவுக்கே பங்கு மிகுதி என்று கொள்ள இடமுண்டு.

2004இல் கர்நாடக அரசு கடலோர மாவட்டங்கள் நீங்கலாகக் கள்ளைத் தடைசெய்தது. குளோரல் ஹைட்ரேட் போன்ற வேதிப்பொருள் கலந்த போலிக்கள் உயிரைக் குடித்து வந்தது உண்மை. தடைக்குச் சொல்லப்பட்ட அக்காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் போலிக்கள் பெருகியது ஏன் என்று கேட்டால், மரங்கள் குறைந்து குத்தகைத் தொகை ஏறியதும் அதன் விடையில் சேரும். கலப்படம் செய்தவரோடு மரம் ஏறியவரும் சேர்ந்து தண்டிக்கப்பட்டார். 2007 ஜூலை 1 முதல் சாராயமும் தடைசெய்யப்பட்டது. குடித்தவர்கள் குடியை விடவில்லை. ஆலைகளில் கலந்து புட்டியில் அடைத்த மலிவு விஸ்கிக்கும் ரம்முக்கும் நகர்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 2010ஐ ஒட்டி, பெங்களூரில் சிறு பீர் ஆலைகளுக்கு உரிமம் வழங்கப்படத் தொடங்கியது. ஆக, பதப்படுத்தாத, நாட்பட வைக்க முடியாத, ஆக்கிய இடத்திலேயே பருக வேண்டிய, உள்ளூர்க் கைத்திறனால் ஆன பானம் ஒன்றைத் தடைசெய்த மாநிலம், அதே இயல்புகள் கொண்ட வேறொரு பானத்தை ஆறேழு ஆண்டுகளில் வரவேற்றது. இரண்டுக்கும் இடையே வேறுபட்டவை விலையும் குடிப்பவரின் வர்க்கமும்.

தமிழ்நாட்டின் கதை இதன் உடன்பிறப்பு. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1971இல் விலக்கப்பட்டது. இடையே மூடித் திறந்த கள்ளுக்கடை 1987இல் முற்றிலும் மூடப்பட்டது. 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் பீரும் விஸ்கியும் விற்கிறது. பனையைத் தன் மாநில மரமாகப் போற்றும் அரசு பனையேறியின் கலயத்தை மட்டும் அனுமதிப்பதில்லை. கள் இயக்கத்தினரின் கோரிக்கைகள் குடிக்கு ஆதரவு என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கப்படுகின்றன. குடியால் அழிந்த குடும்பங்களின் துயரை அவ்வியக்கத்தினரும் போதிய அளவு எதிர்கொண்டு பேசுவதில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியது.

மைசூருவில் வைத்துப் பேச வேண்டிய இரண்டாவது அறிவு மரபு கேழ்வரகு முளை. பழைய மைசூரு வட்டாரத்து வீடுகளில் பால்குடி மறக்கும் குழந்தைக்கு முதலில் தரப்படுவது ராகி சரி. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, நிழலில் உலர்த்தி, வேர்நுனிகளைத் தேய்த்து நீக்கி, இலேசாக வறுத்து, திரித்துச் சலித்து எடுக்கும் மாவின் கஞ்சி அது. தாய் மகளுக்கும் மாமியார் மருமகளுக்கும் கைமாற்றிய செய்முறை. முளைத்த தானியத்தின் நொதி மாவுப்பொருளை உடைப்பதால் கஞ்சி இறுகாது. அதனால் அதே அளவு கஞ்சியில் கூடுதல் தானியத்தைச் சேர்க்க முடிகிறது. சிறு வயிற்றுக்குள் நிறையச் சத்து போகிறது. அறிவியல் பெயர்கள் தெரியாமலே சமையலறை இதைச் செய்துவந்தது.

1950இல் மைசூருவின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய என். ஜி. மல்லேஷியும் எச். எஸ். ஆர். தேசிகாச்சாரும் சமையலறையின் இந்த வழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தனர். முளைகட்டிய கேழ்வரகும் பாசிப்பயறும் சேர்ந்த குழந்தை உணவு அவர்களுடைய ஆய்வின் பயன்களுள் ஒன்று. வெப்பமண்டலத் தானியங்களின் முளைத்தன்மையை ஒப்பிட்டு அவர்கள் எழுதிய கட்டுரை 1986இல் வெளிவந்தது. வெளியிட்ட இதழ் குழந்தைநலத்தைச் சேர்ந்ததன்று. பிரிட்டனின் பீர்க்காய்ச்சல் கழகத்தின் ஆய்விதழ். சிறுதானியங்களுள் கேழ்வரகு முளை நொதி வளத்தில் முன்னிற்கிறது என்ற முடிவு குழந்தைக் கஞ்சிக்கும் மதுவுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தியது. பார்லி முளைகட்டும் பீர் ஆலையின் முதல் மூன்று படிகளும் ராகி சரி செய்யும் பாட்டியின் முதல் மூன்று படிகளும் ஒன்றே: ஊறவை, முளைக்கவிடு, உலர்த்து.

அப்படியானால் மைசூருவுக்கென்று கேழ்வரகு பீர் ஏன் இல்லை? தொழில்நுட்பத் தடைகள் உண்டு. பார்லியின் உமி வடிகட்டியாகப் பயன்படும். கேழ்வரகுக்கு அத்தகைய உமி இல்லை. அதன் மாவுப்பொருள் இளகுவதற்குச் சற்றுக் கூடுதல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் நொதி தளரும். எனவே பெங்களூருச் சிறு ஆலைகள் அவ்வப்போது வெளியிடும் ராகி பீரில் கேழ்வரகு பார்லியோடு சேரும் துணைப்பொருள் மட்டுமே. ஆப்பிரிக்கக் கிராமப் பெண்கள் இந்தத் தடைகளை எப்போதோ கடந்துவிட்டனர்: பாதியைக் கொதிக்கவைத்து, பாதியைப் புளிக்கவைத்து, கலந்து, கோரைப்பையில் பிழிந்து. ஆக, தடை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. இங்கே தானிய அறிவு தாய்மையின் பக்கமும் மது அறிவு மரமேறியின் பக்கமும் பிரிந்து நின்றன. பெண்ணின் கையில் இருந்த முளை மதுவாகக் கூடாது என்பதும், ஈடிகரின் கலயம் மேல்சாதி வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதும் ஒரே சமூக ஒழுங்கின் இரு வாசல்கள். பெருநிறுவன பீரோ இவ்விரண்டையும் கேட்காமலே கபினிக் கரையின் நஞ்சன்கூடு தொழிற்பகுதி வரை வந்துவிட்டது.

தந்தையும் மகளும் அமர்ந்திருக்கும் மேசைக்குச் சட்டமும் ஒரு வேடிக்கை சேர்க்கிறது. 1965ஆம் ஆண்டுக் கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கலாகாது என்கிறது. 1967ஆம் ஆண்டு உரிம விதிகள் 21 என்கின்றன. இந்த முரணைத் தீர்க்க 21ஐ 18 ஆக்கும் வரைவு 2023 ஜனவரியில் எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. எந்த வயதில் பிள்ளை பெற்றோரின் மேசையில் கோப்பை ஏந்தலாம் என்பதை அரை நூற்றாண்டாகத் தீர்மானிக்க இயலாத அரசு, எந்த மரத்திலிருந்து யார் சாறு இறக்கலாம் என்பதை மட்டும் ஐயமின்றித் தீர்மானித்தது.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் கைவைக்கத்தக்க வேலை நிறைய. மைசூர் அரசின் ஈச்சந்தோப்புக் குத்தகை ஆவணங்களை ஊர்வாரியாகத் தொகுத்து, அணைக்கு முந்திய மண்டியாவின் நிலப்பயன்பாட்டோடு ஒப்பிடலாம். ராகி சரியின் செய்முறை வேறுபாடுகளைச் சாதி, வட்டார வாரியாகப் பதிவுசெய்யலாம். எல்லாவற்றுக்கும் முன் ஈடிகர்களின் வாய்மொழியைக் கேட்க வேண்டும். ஆவணம் காப்பகத்தில் காத்திருக்கும். 2004இல் நாற்பது வயதில் மரம் ஏறியவர் இன்று அறுபதைத் தாண்டியவர். அவர் பிள்ளை மரத்தடியில் நின்று எதையும் கற்கவில்லை. ஏரிக்கரைகளில் மிஞ்சியுள்ள ஈச்சமரங்களின் தண்டில் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. எந்தத் தழும்பு எந்த ஆண்டினது, எந்தக் கையினது, ஒரு பக்கம் ஏன் இரண்டாண்டு விடுபட்டது என்று அவரால் இப்போதும் சொல்ல முடியும்.